புளோரிடாவில் வீட்டு இன்சூரன்ஸைக் குறைக்க: ஆணியா, கூரையா, ஜன்னலா, எது முதலில்?

ரினியூவல் கடிதம் வந்ததும் ஏஜென்டைக் கூப்பிட்டு "வேற கம்பெனி ஏதாவது இருக்கா?" என்று கேட்பதுதான் புளோரிடாவில் நம்மில் பெரும்பாலானோர் முதலில் செய்வது. கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கம்பெனி மாறினாலும் வீடு அதே வீடுதான். 2002-க்கு முன்னால் கட்டிய வீடு, அது காற்றை எப்படித் தாங்கும் என்று காட்ட ஒரு காகிதமும் கையில் இல்லை என்றால், எந்தக் கம்பெனியும் அதைப் பலவீனமான வீடு என்று வைத்துத்தான் விலை போடும். அந்தக் காகிதத்தை வாங்குவது, வாங்கிய பிறகு அதில் இருக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைப்பது, இதில் எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்பதுதான் இங்கே கேள்வி. நூறு டாலர் வேலையும் இருக்கிறது, ஐம்பதாயிரம் டாலர் வேலையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் "ஹரிக்கேன் அப்கிரேட்" என்று சொல்லி விற்கிறார்கள், அதனால்தான் குழப்பம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பழைய வீடுகளுக்கு வரிசை இன்ஸ்பெக்ஷன், அட்டிக் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் பரண்), கூரை, ஜன்னல். விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன, ஜன்னலில் ஆரம்பிக்கச் சொல்கின்றன. ஏன் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

தள்ளுபடி எதன் மேல் கிடைக்கிறது

இது ஏஜென்ட் மனது வைத்துக் கொடுக்கும் சலுகை கிடையாது. காற்றுச் சேதத்தைக் குறைக்கும் அம்சங்கள் வீட்டில் இருந்தால் பிரீமியத்தில் அது தெரிய வேண்டும் என்று புளோரிடா சட்டமே, 627.0629-ஆம் பிரிவில், சொல்கிறது. எவ்வளவு குறையும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒவ்வொருவரும் மாநில இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை அலுவலகத்தில் தாக்கல் செய்திருக்கும் விகிதப்படி. பாலிசியோடு ஓஐஆர்-பி1-1655 என்ற எண்ணில் ஒரு அறிவிப்பு வரும், பெரும்பாலும் யாரும் பிரித்துப் பார்க்காத பக்கம். எந்த அம்சத்துக்கு எவ்வளவு குறையக்கூடும் என்ற மதிப்பீடு அதில்தான் இருக்கிறது. எந்த கான்ட்ராக்டரிடமும் பேசுவதற்கு முன்னால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் கணக்கு தவறும். ஒன்று, தள்ளுபடி மொத்த பிரீமியத்தின் மேல் கிடைப்பதில்லை, காற்றுக்கான பங்கின் மேல் மட்டும்தான். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: வருஷ பிரீமியம் 6,000 டாலர், அதில் காற்றுக்கான பங்கு 3,600 என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதத் தள்ளுபடி என்றால் குறைவது 1,080 டாலர், 1,800 இல்லை. உங்கள் பாலிசியின் சுருக்கமான டெக்லரேஷன் பக்கத்தில் ஹரிக்கேனுக்கான தொகை பெரும்பாலும் தனியாகவே போட்டிருக்கும், அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். இரண்டாவது, சதவீதங்களைக் கூட்டக்கூடாது. ஜன்னலுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, கூரையைச் சுவரோடு கட்டும் இரும்பு ஸ்ட்ராப்புக்கு ஒன்று என்று பட்டியலில் பார்த்துக் கூட்டினால் 100-ஐயே தாண்டிவிடும். ஒரு அம்சம் ஏற்கெனவே இருந்தால் அடுத்ததன் மதிப்பு சுருங்கும். அதனால் ஏஜென்டிடம் "இதை மட்டும் மாற்றினால், என் வீட்டுக்கு, என் பாலிசியில், டாலரில் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்குங்கள்.

வீடு எந்த வருஷம் கட்டியது

1992 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கம் கரையேறியது. இன்றைக்கு நாம் பேசும் எல்லா விதிகளுக்கும் வேர் அங்கேதான். இடிந்த வீடுகளைப் பிறகு ஆராய்ந்தபோது, கூரைப் பலகைகள் ஸ்டேப்பிளால் அடிக்கப்பட்டிருந்ததும், அடித்த ஸ்டேப்பிள் பலவும் கீழே இருக்கும் மரத்தில் இறங்காமலே போயிருந்ததும், முக்கோணச் சுவர்கள் தாங்கலில்லாமல் விழுந்ததும் தெரிந்தது. அதற்கப்புறம் மயாமி-டேட், பிரோவர்ட் இரண்டு கவுண்டிகளும் 1994-இல் விதியைக் கடுமையாக்கின, மாநிலம் முழுவதற்குமான புளோரிடா பில்டிங் கோட் 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே 2002 மார்ச்சுக்குப் பிறகு பெர்மிட் விண்ணப்பித்துக் கட்டிய வீடு என்றால் பெரும்பகுதித் தள்ளுபடி ஏற்கெனவே உங்களுக்கு வந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இன்ஸ்பெக்ஷன் செய்து பார்ப்பது நல்லது, ஆனால் அதற்கு மேல் பெரிய தொகையைக் கொட்டினால் திரும்பி வராது. 1970-களிலும் 80-களிலும் கட்டிய வீடு வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையின் மீதி அதிகம் உதவும்.

முதல் வாய்ப்பு: இன்ஸ்பெக்ஷன் மட்டும்

விண்ட் மிட்டிகேஷன் இன்ஸ்பெக்ஷன் என்பார்கள், சுருக்கமாக விண்ட் மிட். கூரை, மின்சாரம், குழாய், ஏசி நான்கையும் பார்க்கும் ஃபோர் பாயின்ட் இன்ஸ்பெக்ஷன் வேறு. அது பழைய வீட்டுக்குப் பாலிசி கொடுக்கலாமா என்று முடிவு செய்ய, இது விலையைக் குறைக்க. செலவு சுமார் நூறு டாலர், இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடக் குறைய. ஓஐஆர்-பி1-1802 என்ற ஒரே மாதிரிப் படிவம்தான் எல்லாக் கம்பெனிக்கும். வீட்டில் பெரிய மாற்றம் செய்யாத வரை ஐந்து வருஷம் செல்லும், கம்பெனி மாறினாலும் அதே படிவத்தைக் கொடுக்கலாம்.

பல வருஷமாகப் புழங்கிய 2012 பதிப்பில் ஏழு கேள்விகள்: எந்த விதிப்படி கட்டியது, கூரையின் மேலுறை என்ன, பலகை எந்த ஆணியால் எவ்வளவு இடைவெளியில் அடித்திருக்கிறது, கூரை சுவரோடு எப்படி இணைந்திருக்கிறது, கூரையின் வடிவம் என்ன, ஷிங்கிள் (கூரை மேல் அடுக்கும் மெல்லிய தகடு) பறந்துபோனால் தண்ணீரைத் தடுக்க இன்னொரு அடுக்கு இருக்கிறதா, ஜன்னல் கதவுகளுக்குப் பாதுகாப்பு உண்டா. ஒவ்வொன்றுக்கும் போட்டோ வேண்டும். இன்ஸ்பெக்டர் அட்டிக்குக்குள் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறாமல் வெளியிலிருந்தே முடித்துக்கொடுக்கிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள், போட்டோ இல்லாத விடைக்குக் கம்பெனி தள்ளுபடி தராது. லைசென்ஸ் பெற்ற ஹோம் இன்ஸ்பெக்டர் இதற்கான பயிற்சியை முடித்திருந்தால் செய்யலாம், கான்ட்ராக்டர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கட்டட விதி இன்ஸ்பெக்டர் ஆகியோரும் செய்யலாம். பொய்யாக நிரப்பித் தள்ளுபடி வாங்குவது குற்றம், எழுதிக்கொடுத்தவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், தெரிந்தே அதைக் கொடுப்பவருக்கும்தான்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் அட்டிக் வாசலுக்குக் கீழே இருக்கும் அலமாரியைக் காலி செய்து வையுங்கள். கூரை மாற்றிய பெர்மிட் எண்ணைக் கவுண்டி இணையதளத்தில் தேடி எடுத்து வையுங்கள். ஜன்னல், ஷட்டர் (புயலின்போது ஜன்னலை மூடும் தடுப்பு) வாங்கிய ரசீது, அதன் ப்ராடக்ட் அப்ரூவல் எண், மயாமி-டேட் கவுண்டி தரும் ஏற்புச் சான்றான என்ஓஏ எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். காகிதம் இல்லாத நல்ல ஷட்டருக்குப் படிவத்தில் மதிப்பு சரியும்.

ஒரு அபாயமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. முந்தைய உரிமையாளரின் படிவத்தில் கிளிப் (கூரையைச் சுவரோடு இணைக்கும் இரும்புத் துண்டு) என்று போட்டிருந்து, புது இன்ஸ்பெக்டர் பார்த்தால் வெறும் ஆணி என்றால் தள்ளுபடி குறையும், பிரீமியம் ஏறும். அதற்காகப் பயந்து செய்யாமல் இருக்க வேண்டாம், கம்பெனியே தன் செலவில் மறுபடி பார்க்கச் சொல்லலாம், எப்படியும் ஒரு நாள் தெரியத்தான் போகிறது. எங்கே பலவீனம் என்று புயலுக்கு முன்னால் தெரிவது நல்லது.

இரண்டாவது: அட்டிக்குக்குள் செய்யும் வேலை

எனக்கு மிகவும் பிடித்த வாய்ப்பு இதுதான், விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, அவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை.

கூரை பறப்பது காற்று மேலிருந்து அமுக்குவதால் இல்லை, மேலே தூக்குவதால். காற்றின் வேகம் 100 மைலிலிருந்து 140 மைல் ஆனால் 40 சதவீதம்தான் கூடியது போலத் தோன்றும், ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் கூரையை இழுக்கும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுப்பைச் சுவருக்குக் கொண்டுபோவது டிரஸ்ஸும் (கூரையைத் தாங்கும் மரச்சட்டம்) சுவரும் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு. பழைய வீடுகளில் அதுகூட இருக்காது, சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணிதான், டோ நெயில் என்பார்கள். அதற்கு மேல் கிளிப், அதற்கு மேல் டிரஸ்ஸின் தலையைச் சுற்றி மறுபக்கமும் ஆணி அடித்த சிங்கிள் ராப், அதற்கு மேல் டபுள் ராப்.

பல வீடுகளில் கிளிப் இருக்கிறது, ஆனால் படிவத்தில் டோ நெயில் என்று வருகிறது. காரணம், கிளிப் என்று எண்ண அதில் குறைந்தது மூன்று ஆணி இருக்க வேண்டும். கட்டியவர் இரண்டோடு நிறுத்தியிருப்பார். மூன்றாவது ஆணியை எல்லா டிரஸ்ஸிலும் அடித்தால் அடுத்த இன்ஸ்பெக்ஷனில் கிளிப் என்று வரும். டோ நெயிலிலிருந்து கிளிப்புக்கு ஏறும் படிதான் பெரும்பாலும் பெரிய படி, அதற்கு மேல் ஏற ஏறக் கிடைப்பது குறையும். இரும்புத் துண்டு மரத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், இடைவெளி அரை அங்குலத்தை எட்டக்கூடாது, கடுமையாகத் துருப்பிடித்திருக்கக் கூடாது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இந்தத் துரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு கடினமான விதி. வீட்டிலேயே மிகப் பலவீனமான இணைப்பு எதுவோ அதுதான் வீடு முழுவதற்குமான விடை. நாற்பது டிரஸ்ஸில் முப்பத்தைந்துக்கு ஸ்ட்ராப் போட்டுவிட்டு, கை எட்டாத ஐந்தை விட்டால் இன்சூரன்ஸ் கணக்கில் ஒன்றும் மாறாது. கூரைச் சரிவு குறைவான வீடுகளில் ஓரத்துக்குப் போவதே சிரமம், அட்டிக்கில் ஊர்ந்துதான் போக வேண்டும், சில இடங்களில் வெளியே கூரை விளிம்பின் அடியில் இருக்கும் சாஃபிட்டைப் பிரித்து அடிக்க வேண்டியிருக்கும். அதனால் விலை கேட்கும்போது "எல்லா டிரஸ்ஸும் சேர்த்தா, முடிந்ததும் இன்ஸ்பெக்டர் கிளிப் என்று எழுதும்படி இருக்குமா" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கை எட்டவே எட்டாது என்றால் இந்த வேலையைத் தள்ளி வைத்துக் கூரை மாற்றும்போது சேர்த்துச் செய்யலாம்.

கூரையின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு பக்கமும் சரியும் ஹிப் கூரைக்கு நல்ல தள்ளுபடி உண்டு, ஆனால் முக்கோணச் சுவர் உள்ள கூரையை ஹிப்பாக மாற்றுவது எந்தக் கணக்கிலும் கட்டாது. ஹிப் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: ஹிப் இல்லாத பகுதி மொத்தச் சுற்றளவில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வீட்டோடு சேர்த்து இன்னொரு அறை இழுக்கிறீர்கள், அதன் கூரை முக்கோண வடிவம் என்றால், இத்தனை நாள் வந்த தள்ளுபடி போய்விடலாம். வரைபடம் போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது: கூரை மாற்றும்போது

கூரையைத் தள்ளுபடிக்காக மட்டும் மாற்றாதீர்கள். நன்றாக இருக்கும் கூரையைப் பிரித்துப் புதுசு போட்டு, அந்தச் செலவை பிரீமியத்தில் எடுத்துவிடலாம் என்பது நடக்காத கணக்கு. ஆனால் கூரையின் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்தால், பலகை வெளியே தெரியும் அந்த ஓரிரு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு. அடுத்த வாய்ப்பு வர இருபது வருஷம் ஆகும்.

அப்போது செய்ய வேண்டியவை இரண்டு, முடிந்தால் மூன்று. முதலில் பலகையை மறுபடி ஆணி அடிப்பது. பழைய வீடுகளில் 2 அங்குல ஆணியோ ஸ்டேப்பிளோ இருக்கும். இரண்டரை அங்குல 8டி ஆணியை எல்லா இடத்திலும் 6 அங்குலத்துக்கு ஒன்று அடித்தால் மரக்கூரைக்குக் கிடைக்கும் மேல்நிலை விடை கிடைக்கும். வளைய வரி உள்ள ரிங் ஷாங்க் ஆணி கேளுங்கள், பிடிப்பு அதிகம், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 2002 பில்டிங் கோடுக்கு முன்னால் கட்டிய தனி வீடுகளில் கூரை மாற்றும்போது பலகைக்கு ஆணி சேர்ப்பதும், தண்ணீர்த் தடுப்பு அடுக்கு போடுவதும் விதிப்படியே வேண்டும், ஆகவே ரூஃபர் இதை "எக்ஸ்ட்ரா" என்று சொல்லி உயர்த்தினால் கேள்வி கேளுங்கள்.

அந்தத் தண்ணீர்த் தடுப்புதான் இரண்டாவது. ஷிங்கிள் பறந்தாலும் பலகை இடுக்கு வழியாக மழை உள்ளே கொட்டாமல் தடுக்கும் ஒட்டும் படலம், பீல் அண்ட் ஸ்டிக் என்பார்கள். புயலில் பல வீடுகளுக்குக் கூரையே பறப்பதில்லை, ஷிங்கிள் கொஞ்சம் போய், மழை இறங்கி, சீலிங் ஊறி விழுந்து, உள்ளே இருக்கும் எல்லாம் நாசமாகிறது. அதைத் தடுப்பது இந்த ஒரு அடுக்கு. பழைய மாதிரி ஃபெல்ட் தாளைச் சும்மா விரித்து ஆணி அடித்தால் படிவத்தில் இதற்கு மதிப்பு இல்லை, பலகையோடு நேரடியாக ஒட்டியிருக்க வேண்டும். அட்டிக்கில் குளிருக்கும் வெயிலுக்கும் அடிக்கும் இன்சுலேஷன் ஃபோமும் இதில் சேராது, அதைக் காட்டி "உங்களுக்கு இரண்டு லாபம்" என்று விற்பவர்களிடம் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஸ்ட்ராப். காற்றில் பொருள்கள் பறந்து தாக்கக்கூடிய பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில், 3 லட்சம் டாலருக்கு மேல் இன்சூர் செய்த பழைய வீடு என்றால், கூரை மாற்றும்போது கூரைக்கும் சுவருக்குமான இணைப்பையும் பலப்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது, கூரைச் செலவில் 15 சதவீதம் வரை அதற்குச் செலவழித்தால் போதும் என்ற வரம்போடு. அட்டிக்கில் எட்டாத மூலைகளை மேலிருந்து அடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ரூஃபரிடம் ஆணி இடைவெளி தெரியும்படி அளவு டேப்பை வைத்து எடுத்த போட்டோ, படலம் ஒட்டிய பிறகு ஒரு போட்டோ, பெர்மிட் எண் மூன்றும் கேளுங்கள். ஷிங்கிள் போட்ட பிறகு இதில் எதுவும் வெளியே தெரியாது. கூரை முடிந்ததும் புதிதாக விண்ட் மிட் செய்து அனுப்ப வேண்டும், பழைய படிவம் பழைய கூரையைப் பற்றித்தான் பேசும். இதைச் செய்யாமல் புதுக் கூரை போட்டும் பழைய பிரீமியத்தையே கட்டும் வீடுகள் நிறைய.

கூரைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 15 வருஷத்துக்குள் இருக்கும் கூரையைக் காட்டி, வயதை மட்டும் காரணம் சொல்லிக் கம்பெனி பாலிசியை மறுக்கக்கூடாது என்று 2022-இல் சட்டம் வந்தது. அதைத் தாண்டிய கூரை என்றாலும் இன்ஸ்பெக்டர் பார்த்து இன்னும் ஐந்து வருஷமாவது தாங்கும் என்று எழுதினால் வயதுக்காக மறுக்க முடியாது. "கூரை மாத்துங்க, இல்லன்னா கேன்சல்" என்று கடிதம் வந்தால் உடனே ரூஃபரைக் கூப்பிடாமல் முதலில் அந்த இன்ஸ்பெக்ஷனைச் செய்யுங்கள்.

நான்காவது: ஜன்னலும் ஷட்டரும்

இதில்தான் பணம் அதிகம் போகிறது, ஏமாற்றமும் இதில்தான் அதிகம். காரணம் ஒன்றே: எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கும் எல்லாக் கண்ணாடித் திறப்புக்கும் பாதுகாப்பு இருந்தால்தான் தள்ளுபடி. பன்னிரண்டு ஜன்னலுக்கு இம்பேக்ட் கண்ணாடி (பறந்து வரும் பொருள் மோதினாலும் தாங்கும் கண்ணாடி) போட்டு, குளியலறையின் சின்ன ஜன்னலையோ, முன்கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பட்டையையோ, கூரையில் இருக்கும் ஸ்கைலைட்டையோ விட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில். "இந்த வருஷம் முன்பக்கம், அடுத்த வருஷம் பின்பக்கம்" என்று பிரித்துச் செய்பவர்களுக்குக் கடைசி ஜன்னல் வரும் வரை பிரீமியத்தில் ஒன்றும் குறையாது. பிரித்துச் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் அந்த இடைவெளியில் மிச்சமிருக்கும் திறப்புகளுக்கு அங்கீகாரம் பெற்ற சாதாரண ஷட்டர் பலகையாவது வாங்கி வைத்தால் தள்ளுபடி முதல் வருஷமே ஆரம்பிக்கும். இரண்டும் கலந்து இருக்கலாம், படிவம் அதை ஏற்கிறது.

இன்னொன்றையும் பலர் நம்ப மறுக்கிறார்கள்: இன்சூரன்ஸ் கணக்கில் இம்பேக்ட் ஜன்னலும், அதே சோதனையில் தேறிய ஷட்டரும் ஒன்றுதான். சோதனை என்னவென்றால் 9 பவுண்ட் எடையுள்ள மரச்சட்டத்தைப் பீரங்கி மாதிரிக் குழாயிலிருந்து நொடிக்கு 50 அடி வேகத்தில் அடித்துப் பார்ப்பது. அதைத் தாங்கினால் மேல்வகுப்பு. விலையில் எத்தனை மடங்கு வித்தியாசம் இருந்தாலும் வகுப்பு அதேதான். ஆகவே பிரீமியம் மட்டும்தான் நோக்கம் என்றால் அலுமினியப் பலகையோ பக்கவாட்டில் மடித்து இழுக்கும் அக்கார்டியன் ஷட்டரோ போதும், இம்பேக்ட் ஜன்னல் வேண்டியதில்லை. சும்மா கடையில் வாங்கி அறுத்து வைத்த பிளைவுட் இந்த வகுப்பில் வராது, தள்ளுபடியில் அதற்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

பிறகு ஏன் இம்பேக்ட் வாங்குகிறார்கள்? நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஷட்டரை யாராவது மூட வேண்டும். ஹரிக்கேன் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, நாம் பிள்ளைகளோடு ஊருக்குப் போவது ஜூன், ஜூலையில். வீடு பூட்டியிருக்கும்போது புயல் வந்தால் கராஜில் அடுக்கியிருக்கும் பலகைகளால் ஒரு பயனும் இல்லை. வயதான பெற்றோர் மட்டும் வீட்டில் இருக்கும்போதும் அதே நிலைமை, இரண்டாவது மாடி ஜன்னலுக்கு ஏணி போட்டு இரும்புப் பலகை மாட்டுவதை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. சீசன் முழுக்க மூடியே வைத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம், தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக வெளியேற முடியாது. வெளிச் சத்தம் குறைவது, திருடன் உடைக்கச் சிரமப்படுவது எல்லாம் கூடுதல். இந்தக் காரணங்களுக்காக இம்பேக்ட் வாங்குங்கள், மனதார வாங்குங்கள். பிரீமியத்தில் போட்ட காசு திரும்பும் என்று நம்பிக் கடன் எடுத்து வாங்காதீர்கள்.

பட்ஜெட் இந்த இரண்டுக்கும் நடுவில் என்றால் நான் சொல்வது: கீழ்த்தளத்துக்கு அக்கார்டியன், எட்டாத மேல் ஜன்னல்களுக்கு இம்பேக்ட், ஊருக்குக் கிளம்பும்போது அக்கார்டியனை இழுத்துப் பூட்டிவிட்டுப் போகலாம்.

கராஜ் கதவை மறந்துவிடக் கூடாது. வீட்டிலேயே அகலமான, மெல்லிய திறப்பு அதுதான். அது உள்ளே சரிந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையை உள்ளிருந்து தள்ளும், வெளியே ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கும் காற்றோடு சேர்ந்து. அதில் கண்ணாடிக் கட்டங்கள் இருந்தால் அதுவும் கண்ணாடித் திறப்புதான், தனியாகத் தேற வேண்டும். பழைய கதவு என்றால் ஜன்னலுக்கு முன்னால் இதை மாற்றுங்கள்.

ஐந்தாவது: டிடக்டிபிளை ஏற்றுவது

ஒரு ஆணியும் அடிக்காமல் பிரீமியத்தைக் குறைக்க இதுதான் வழி என்று ஏஜென்ட் சொல்வார், உண்மைதான். ஹரிக்கேன் டிடக்டிபிள், அதாவது புயல் சேதத்தில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை, வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2, 5, 10 சதவீதம் என்று இருக்கும். 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் 8,000, 5 என்றால் 20,000, 10 என்றால் 40,000 டாலர் உங்கள் கையிலிருந்து. புயலுக்கு அடுத்த வாரம் அந்தத் தொகையை எடுத்து வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். முடியும், தனியாகச் சேமிப்பில் கிடக்கிறது என்றால் ஏற்றலாம், குறையும் பிரீமியத்தை ஸ்ட்ராப்புக்கும் ஷட்டருக்கும் திருப்பலாம். முடியாது என்றால் வேண்டாம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது என்று காற்றுக் காப்பீட்டையே எடுத்துவிடும் யோசனைக்கு நான் முற்றிலும் எதிர், அதிலும் பழைய கூரை இருக்கும் வீட்டில்.

மாநிலத் திட்டம்

மை சேஃப் புளோரிடா ஹோம் திட்டம் 2006-இல் ஆரம்பித்து, இடையில் நின்று, 2022-இல் திரும்ப வந்தது. ஹோம்ஸ்டெட் பதிவு (நீங்களே குடியிருக்கும் சொந்த வீடு என்ற வரிப் பதிவு) உள்ள தனி வீட்டுக்கு இலவச இன்ஸ்பெக்ஷன், அதில் பரிந்துரைத்த வேலைக்கு நீங்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் இரண்டு டாலர், 10,000 வரை. சட்டமன்றம் ஒதுக்கும் பணம் தீர்ந்தால் விண்ணப்பம் மூடிவிடும், தகுதி விதிகளும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, வருமானம் குறைந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் முன்னுரிமை. வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கிடைக்காது. முக்கியமாக, அனுமதி வருவதற்கு முன் வேலையை ஆரம்பித்தால் அந்த வேலைக்குப் பணம் வராது. கூரை ஒழுகாமல் இருந்தால் கொஞ்சம் காத்திருப்பது லாபம். இம்பேக்ட் ஜன்னல், கதவுகளுக்கு விற்பனை வரி இல்லை என்று இன்னும் சிலர் சொல்லி விற்கிறார்கள், அந்த இரண்டு வருஷச் சலுகை 2024 ஜூனோடு முடிந்துவிட்டது.

புயலுக்குப் பிறகு வாசலில் வந்து நின்று "டிடக்டிபிளை நாங்க பாத்துக்கிறோம், கூரை ஃப்ரீ" என்பவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புளோரிடாவில் கான்ட்ராக்டர் அப்படி டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வது சட்டப்படி தவறு.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு எது?

1990-க்கு முந்தைய வீடு, கூரைக்கு இன்னும் பத்து வருஷ ஆயுள் இருக்கிறது: இன்ஸ்பெக்ஷன் செய்து, டோ நெயில் என்று வந்தால் அட்டிக்கில் கை எட்டுமா என்று பார்த்து விலை கேட்டு, எல்லா டிரஸ்ஸும் முடியும் என்றால் செய்யுங்கள். அப்புறம் கராஜ் கதவு, ஷட்டர்.

அதே வீடு, கூரை முடியும் தறுவாயில்: வேறு எதிலும் காசு போடாதீர்கள், எல்லாவற்றையும் கூரையோடு சேர்த்துச் செய்யுங்கள், ரூஃபர் ஒப்பந்தத்தில் ஆணி, படலம், ஸ்ட்ராப், போட்டோ நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.

2002-க்குப் பிந்தைய வீடு: நூறு டாலர் இன்ஸ்பெக்ஷனோடு நிறுத்திக்கொள்ளலாம். ஷட்டர் எல்லாத் திறப்புக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், பில்டர் கொடுத்த பலகையில் ஒன்றிரண்டு காணாமல் போயிருந்தால் அதை வாங்கினால் போதும்.

கான்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் கூரை உங்களுடையது இல்லை. சங்கத்தின் அலுவலகத்தில் கட்டடத்துக்கான மிட்டிகேஷன் அறிக்கையைக் கேட்டு வாங்கி உங்கள் ஏஜென்டுக்கு அனுப்புங்கள்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், சமையலறை கிரானைட்டைப் பார்ப்பதற்கு முன் விற்பவரிடம் இருக்கும் விண்ட் மிட் படிவத்தைக் கேளுங்கள். ஒரே தெருவில் ஒரே விலைக்கு விற்கும் இரண்டு வீட்டுக்கு இன்சூரன்ஸ் ஒன்றுபோல இருக்காது, அந்த வித்தியாசத்தை நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு வருஷமும் கட்டப்போகிறீர்கள்.

வேலை முடிந்து புதுப் படிவம் கைக்கு வந்ததும் ஏஜென்டுக்கு ஈமெயிலில் அனுப்புங்கள், போனில் சொல்வதோடு விடாதீர்கள். புது டெக்லரேஷன் பக்கம் வந்ததும் படிவத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள்: கூரை வடிவம், ஆணி, கிளிப், தண்ணீர்த் தடுப்பு, திறப்பு. ஏதாவது ஒன்றில் "இல்லை" அல்லது "தெரியாது" என்று வந்திருந்தால் அன்றைக்கே கேளுங்கள், எந்தப் போட்டோ போதவில்லை என்று அவர்கள் சொல்லட்டும், இன்ஸ்பெக்டரிடம் அந்தப் போட்டோவை வாங்கி அனுப்புங்கள்.